மக்காச்சோள வேகனும் ஒரு மூலை இடமும்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக இதே வேலை. இதுவரை கட்டியதில் எது உன் சிறந்த வேலை என்று யாராவது கேட்டால் லாரி எதையும் காட்ட மாட்டேன். ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு பொம்மை ரயில் வேகனைத்தான் காட்டுவேன். கேட்காதவர்களுக்கும் கைபேசியில் அதன் படத்தைக் காட்டியிருக்கிறேன்.

பொம்மை என்று நான் சொல்லிக்கொள்ளலாம், மற்றவர்கள் சொன்னால் சண்டைக்குப் போவேன். அதன் பெயர் மாடல் ரயில். நிஜத்தில் எண்பத்தேழு அடி இருப்பது இங்கே ஓரடி. என்ஜின், பெட்டி, தண்டவாளம், சிக்னல், நடைமேடையில் நிற்கும் மனிதர்கள் எல்லாமே அந்த விகிதத்தில்தான் இருக்க வேண்டும். ஊரடங்கில் பட்டறை பூட்டிக் கிடந்தபோது, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தன் வீட்டில் குட்டி ரயில் ஓட்டுவதைக் கைபேசியில் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். ஊரடங்கு போய்விட்டது, பைத்தியம் போகவில்லை.

சேலம் அஸ்தம்பட்டியில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் இருக்கிறார். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தே வேலைக்காலத்தைக் கழித்தவர். எங்களுக்கெல்லாம் அவர் கார்டு சார். வீட்டு மாடி முழுக்க மேசை போட்டு, வளைந்து வளைந்து ஓடும் பாதை ஒன்றை அமைத்திருக்கிறார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு எங்களைப் போன்ற ஏழெட்டுப் பேர் அவரவர் ரயிலோடு அங்கே கூடுவோம். அந்த மேசையில் சேலம் ஜங்ஷன் இருக்கிறது. மேட்டூருக்குப் போகும் கிளைப்பாதை இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைச் சந்தையும் இருக்கிறது. அதைக் கட்டியவர் டவுனில் துணி மொத்த வியாபாரம் செய்யும் பாய். அந்தக் கூட்டத்தில் எனக்கு நெருக்கம் அவர்தான். நான் கத்தினால் பயப்படாமல் சிரிக்கிற ஒரே ஆளும் அவர்தான்.

நாமக்கல் மட்டும் அந்த மேசையில் இல்லை.

அதில் எனக்கு ஒரு ரோஷம் இருந்தது. எங்கள் ஊருக்கு ரயில் வந்ததே சமீபத்தில்தான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏற வேண்டும். கார்டு சார் இதைச் சொல்லியே என்னைச் சீண்டுவார்.

“நாமக்கல்காரங்களுக்கு ரயிலுன்னா என்னன்னு இப்பத்தானுங்களே தெரியும். நீங்க லாரிக்காரங்க. அதை ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க” என்பார்.

மேசையின் ஒரு மூலையில் முழ அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. பிரதான பாதையிலிருந்து பிரிந்து அந்த மூலைக்குள் போகும் ஒரு துண்டுத் தண்டவாளத்தை மட்டும் போட்டு விட்டிருந்தார். அங்கே ஏற்காட்டு மலையைத் தெர்மாகோலில் செய்து வைக்கப் போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார். எனக்கு மனசு ஆறவில்லை. அந்த இடத்தை எனக்குக் கொடுங்கள், நாமக்கல் கூட்ஸ் ஷெட்டைக் கட்டுகிறேன் என்று கேட்டேன். எங்கள் ஊர்க் கோழிகள் தின்கிற மக்காச்சோளம் வடக்கேயிருந்து ரயிலில்தான் வந்து இறங்குகிறது. கோழிக்குத் தீனி வந்தால்தான் முட்டை, முட்டை இருந்தால்தான் லாரி, லாரி இருந்தால்தான் என் பட்டறை. இதை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

கார்டு சார் பொறுமையாகக் கேட்டார். “ஷெட்டு கட்டலாமுங்க. அதுல எந்த வண்டி வந்து நிக்கும்? அமெரிக்கா வேகனா? நம்மூரு மூடு வேகன் ஒண்ணு கொண்டாங்க. கடையில வாங்குனது ஆகாது, உங்க கையில கட்டுனதா இருக்கோணும். என்ஜினுக்கு அடுத்து மாட்டி, பின்னால இருவது வண்டியோட பத்து ரவுண்டு தடம் புரளாம ஓடோணும். ஓடுச்சுன்னா மூலை உங்களுது. இல்லீன்னா மலை.”

கடையில் வாங்க நினைத்தாலும், கூரையும் கதவும் வைத்த நம் ஊர் மூடு வேகன் எங்களில் யாருக்கும் கிடைத்ததில்லை. அதனால்தான் எல்லோரும் வெளிநாட்டு வேகன்களை ஓட்டிக்கொண்டிருந்தோம். அதெல்லாம் தெரிந்துதான் சொன்னார்.

“லாரிக்குப் பாடி கட்டறவனுக்கு வேகனுக்குக் கட்டத் தெரியாதுங்களா?” என்றேன்.

“அது வேற, இது வேறங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை மூன்று மாதம் தூங்கவிடவில்லை.

ஒட்டிச் சேர்க்கத் துண்டுகளாக வரும் ஒரு கிட்டை வாங்கி, அது எதற்காக வந்ததோ அதைச் செய்யாமல், அறுத்து ஒட்டி வேறொன்றாக மாற்றுவதை எங்கள் கூட்டத்தில் கிட்பேஷ் என்பார்கள். நான் இரண்டு அமெரிக்க மூடு வேகன் கிட் வாங்கினேன். ஒன்று நம் வேகனைவிடக் குட்டை. இன்னொன்றிலிருந்து இரண்டு விரற்கடை துண்டு எடுத்து ஒட்டினால் நீளம் சரியாக வரும். அமெரிக்க வேகனுக்கு நடுவில் ஒரே கதவு, நம்முடையதற்குப் பக்கத்துக்கு இரண்டு. அதன் கூரை ஏறக்குறையத் தட்டை, நம்முடையது வளைந்தது. அகலத்திலும் நம்முடையது சற்றுப் பெரியது. ஆக, சக்கரத்தைத் தவிர எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பட்டறையில் தினமும் செய்கிற வேலைதானே என்று நினைத்தேன்.

கார்டு சார் எங்கிருந்தோ தேடி, வேகனின் அளவுப் படம் ஒன்றின் நகலைக் கொடுத்தார். அதில் கதவும் விலா எலும்பு மாதிரி ஓடும் பட்டைகளும் மங்கிப்போயிருந்தன. அதனால் கூட்ஸ் ஷெட்டுக்கு மக்காச்சோளம் வரும் நாளை ஒரு தீவன மில்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அங்கே சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஒரு பர்லாங்குக்கு வேகன்கள் நின்றன. எதிரே பின்பக்கம் காட்டி நின்ற லாரிகளில் நான்கைந்து என் பட்டறையில் கட்டியவை. டேப்பை எடுத்துக் கதவை அளந்தேன், பட்டைகளுக்கு இடைவெளி அளந்தேன், ஏணிப்படி எண்ணினேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் நின்று பார்த்தார்.

“என்னுங்கண்ணா, வேகனுக்குப் பாடி மாத்தறீங்களா?”

“இல்லீங்க. இதே மாதிரி சின்னதா ஒண்ணு செய்யறேன்.”

“எவ்ளோ சின்னதுங்க?”

இரண்டு கையாலும் காட்டினேன். அவர் என் கைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அதுல எத்தன மூட்ட புடிக்கும்?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அகலத்தை மட்டும் நான் அளக்கவில்லை. அதுதான் படத்தில் தெளிவாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

படத்தில் மூவாயிரத்து இருநூறு மில்லிமீட்டர் என்று இருந்தது. எண்பத்தேழால் வகுத்தால் முப்பத்தேழுக்கு ஒரு மயிரிழை குறைவு. கிட்டின் தரையையும் இரண்டு முனைச் சுவர்களையும் நட்டநடுவில் அறுத்து, இடையில் ஒரு பிளாஸ்டிக் பட்டை வைத்து ஒட்டி முப்பத்தேழுக்குக் கொண்டுவந்தேன்.

கூரைதான் என்னைப் படுத்தியது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைக் கையால் வளைத்தால் மடிந்து வெள்ளைக் கோடு விழுந்தது. நான்கு தகடு வீணாகப் போனது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவர் எப்போதோ பட்டறையில் விட்டுவிட்டுப் போன போர்வெல் கேசிங் பைப் துண்டு கண்ணில் பட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய், தகட்டை அதன் முதுகில் வைத்துத் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டி, என் மனைவி காப்பிக்கு வைத்திருந்த கொதிநீரை மெதுவாக ஊற்றினேன். ஆறியதும் அவிழ்த்தால் அச்சு அசல் வேகன் கூரை.

“ஏனுங்க, காப்பித் தண்ணி எங்கீங்க?” என்று அவள் வந்து நின்றாள். கையில் இருந்ததைக் காட்டினேன். “பட்டறையில மூணு லாரி பாடிக்கு நிக்குது. நீங்க இத்துனூண்டு டப்பாவுக்குக் கூரை போட்டுட்டு நிக்கறீங்க” என்றாள். ஆனால் திரும்பிப் போகும்போது, “வளைவு நல்லா வந்திருக்குது” என்றும் சொன்னாள்.

ஏணிக்கு லாரி ஒயரைச் சீவி உள்ளே இருக்கும் செம்புக் கம்பி. வண்டி துள்ளாமல் இருக்க எடை வேண்டும், அதற்கு டயர் கடையில் சக்கரத்தைச் சமப்படுத்த ஒட்டுகிற ஈயத் துண்டுகள். நிறத்துக்கு நான் எங்கேயும் போகவில்லை. லாரிக்கு முதல் பூச்சாக நாங்கள் அடிக்கும் ரெட் ஆக்சைடும் வேகனின் பழுப்புச் சிவப்பும் உடன்பிறந்தவை. என் பட்டறைப் பெயின்டர் ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கில் அடித்துப் பார்த்தார். தின்னர் பட்டதும் அது குழைந்துவிட்டது. அதன் பிறகு தண்ணீரில் கரைகிற பெயின்டில் அதே நிறத்தைக் கலக்கிக் கொண்டுவந்தார். வேகன் எண்ணை வெள்ளையில் எழுத, தூரிகையில் நான்கே நான்கு மயிரை விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டி எறிந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். முடித்துவிட்டு, “பின்னால சவுண்ட் ஹாரன்னு எழுதிரட்டுங்களா?” என்று கேட்டார். இரண்டு நாள் அந்த நகைச்சுவையைப் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேகன் அழகாக இருந்தது. மற்ற வேகன்களைவிடக் கொஞ்சம் பருமனாகத் தெரிந்தது. அதை நான் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஞாயிறு வந்தது. கார்டு சார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரும் எந்த வண்டியையும் முதலில் ஓர் அட்டை வளையத்துக்குள் தள்ளிப் பார்ப்பார். வேகன் எவ்வளவு அகலம், உயரம் இருக்கலாமோ அந்த அளவுக்கு வெட்டிய அட்டை அது. அதில் நுழைந்தால்தான் பாதையில் ஏறலாம். அவர் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தபோது என் ரோஷம் முன்னால் வந்து நின்றது.

“எங்க பட்டறையில அளவு தப்புனதே இல்லீங்க. அட்டையெல்லாம் எதுக்குங்க? நேரா மாட்டுங்க” என்றேன்.

அவர் அட்டையைக் கீழே வைத்தார். “சரிங்க” என்றார். ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான் அந்தச் சரிங்கவின் அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

என்ஜினுக்கு அடுத்து என் வேகன், பின்னால் இருபது வண்டி. மேட்டூர் வளைவில் ஓடியது, சந்தையைத் தாண்டியது. நான் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சேலம் ஜங்ஷனுக்குள் நுழைந்ததும் நடைமேடை ஓரத்தில் வேகனின் விலா இடித்தது. என்ஜின் நிற்கவில்லை, இழுத்தது. நடைமேடையின் விளிம்புப் பட்டை உரிந்து கிளம்பியது. பெட்டி படுக்கையோடு நின்றிருந்த குட்டி மனிதர்கள் பத்துப் பதினைந்து பேர் தண்டவாளத்தில் விழுந்தார்கள். அவர்கள் மேல் என் வேகன் சாய்ந்தது, அதன் மேல் பின்னால் வந்த வண்டிகள் ஏறின. முதல் ரவுண்டு பாதிகூட முடியவில்லை.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

“நடைமேடையைத் தள்ளிக் கட்டியிருக்கோணுமுங்க. இவ்ளோ ஒட்டிக் கட்டுனா எந்த வண்டி போகும்?” என்றேன்.

“இத்தன வருசமா எல்லா வண்டியும் போகுதுங்களே” என்றார் கார்டு சார். ஸ்கேலை எடுத்துத் தண்டவாளத்திலிருந்து நடைமேடைக்கு அளந்து காட்டினார். உங்கள் ஸ்கேல் தப்பு என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்த நடைமேடையை அவர் ஒரு வருடம் உட்கார்ந்து கட்டியிருந்தார். விழுந்த மனிதர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “அப்ப மலையவே வெச்சிரலாமுங்க” என்று மட்டும் சொன்னார்.

பாய்தான் இடையில் வந்தார். “சார், அடுத்த மாசம் ஒரே ஒரு தடவை பாப்போம். அதுக்கப்புறம் நானே மலையத் தூக்கி வைக்கிறேன்” என்றார். கார்டு சார் தலையை ஆட்டினார். தட்டுவடை செட் வந்தது. நான் சாப்பிடாமல் வேகனை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வீட்டில் வேகனைப் பீரோ மேல் வைத்துவிட்டு ஒரு வாரம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டறையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பெயின்டர் என் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் வெண்ணந்தூரிலிருந்து ஒரு லாரிக்காரர் முட்டை வண்டிக்குப் பாடி கட்ட வந்தார். நீளம் அகலம் எல்லாம் பேசி முடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

“அகலம் சொன்னீங்களே, அது பலகையோட சேர்த்துங்களா?” என்று கேட்டார்.

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க? நம்ம பட்டறையில சொல்றதெல்லாம் உள்ளளவுதானுங்க. குறுக்க எத்தன முட்டை அட்டை உக்காருமுன்னுதானுங்களே கணக்கு. பலகை, ஆங்கிளு எல்லாம் அதுக்கு வெளியில…”

அதோடு என் வாய் நின்றுவிட்டது.

லாரிக்காரர் என்னையே பார்த்தார். “என்னாச்சுங்க?” என்றார். ஒன்றுமில்லை, இதோ வாரேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பீரோ மேலிருந்த வேகனை எடுத்தேன், கூரையை நெம்பிக் கழற்றினேன், உள்ளே ஸ்கேலை வைத்தேன். முப்பத்தேழு. துளி பிசகில்லை. முப்பது வருடத்தில் ஒரு லாரிக்குக்கூட நான் இவ்வளவு சுத்தமாக அளவு எடுத்ததில்லை. வெளியே வைத்துப் பார்த்தேன். நாற்பது.

ரயில்காரர்கள் படத்தில் அகலம் என்று எழுதினால் அது வெளியே கடைசி விளிம்பு வரைக்கும். சுரங்கத்துக்குள், பாலத்துக்குள், நடைமேடைக்குப் பக்கத்தில் வண்டி போக முடியுமா என்பதுதான் அவர்களுக்கு முதல் கவலை. எங்களுக்கு உள்ளே எவ்வளவு ஏறும் என்பதுதான் முதல் கவலை. ரோடு அகலமானது, பக்கத்தில் அரை அங்குலம் நீண்டால் யாரும் கேட்பதில்லை. பட்டறையில் எவனும் வெளியளவு சொல்வதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. படத்தில் இருந்த எண்ணைப் பார்த்ததும் என் கை தானாகவே அதை வேகனுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. கார்டு சார் ஸ்கேலும் தப்பில்லை, நடைமேடையும் தப்பில்லை. நான்தான் முழுக்க முழுக்கத் தப்பு. கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன். என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“இத அந்தப் பெரியவருகிட்ட நேருல சொல்லிப்போடுங்க. போன்ல சொல்லாதீங்க” என்றாள்.

புதிதாக ஒன்று கட்ட நாள் இல்லை. அதோடு, அந்தப் பக்கச் சுவர்களில் பெயின்டரின் எழுத்து இருந்தது. அதை இன்னொரு முறை அவரால் அப்படி எழுத முடியுமா என்று அவருக்கே சந்தேகம். விபத்தில் நசுங்கி வருகிற பாடியை நாங்கள் முழுசாகத் தூக்கி எறிவதில்லை. கெட்ட இடத்தை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, ஒட்டுப்போட்டது தெரியாமல் சேர்ப்போம். தெரிந்தால் பட்டறைக்கே மானக்கேடு. இதையும் அப்படித்தான் செய்தேன். தரையிலும் முனைச் சுவர்களிலும் நான் செருகியிருந்த பட்டையின் அகலம் ஐந்து மில்லிமீட்டர். அதை நூல் பிடித்த மாதிரி அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு மில்லிமீட்டர் பட்டை வைத்தேன். இரண்டு பாதியையும் அணைத்து ஒட்டி, நாள் முழுக்கக் கிளிப் போட்டு வைத்தேன். பழைய கூரை இனி பொருந்தாது. கேசிங் பைப்பை மறுபடி இறக்கினேன். இந்த முறை என் மனைவி தானாகவே கொதிநீர் கொண்டுவந்தாள், ஊற்றியதும் அவள்தான். ஓரம் தேய்த்து, சிவப்பு பூசி முடித்தபோது எங்கே அறுத்தேன் என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. உள்ளே ஸ்கேல் வைக்கவில்லை. வெளியே வைத்தேன். முப்பத்தேழு.

நடைமேடை விளிம்பு உரிந்த நீளம் எனக்கு நினைவிருந்தது. லாரிப் பாடியின் ஓரத்துக்கு அடிக்கிற அலுமினியத் தகட்டில் ஒரு மெல்லிய கீற்றை வெட்டி, கல் பதித்த மாதிரி கோடு கீறி, சாம்பல் நிறம் பூசி எடுத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டாவது ஞாயிறு மாடிப்படி ஏறியதும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த மூலைதான். மலை நின்றுகொண்டிருந்தது. பச்சை பூசி, மரங்கள்கூடச் செருகியாகிவிட்டது. நன்றாகவே இருந்தது. இன்னும் ஒட்டவில்லை என்று பாய் காதில் சொன்னார்.

எல்லோர் முன்னாலும் கார்டு சாரிடம் போனேன். “தப்பு என்னுதுங்க. வெளியளவை உள்ளளவுன்னு எடுத்துட்டேன். உங்க ஸ்கேலைத் தப்புன்னு சொன்னதுக்கு மன்னிச்சிருங்க” என்றேன். அலுமினியக் கீற்றைக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடைமேடையில் வைத்துப் பார்த்தார். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. “இது எந்த அளவுங்க? உள்ளா, வெளியா?” என்று கேட்டார். மாடியே சிரித்தது. சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அட்டையை இந்த முறை நானே எடுத்து வந்தேன். வேகனை அதற்குள் தள்ளினேன். இரண்டு பக்கமும் காகிதம் நுழைகிற இடம் விட்டு வழுக்கிக்கொண்டு போனது. கார்டு சார் குனிந்து, அப்படியும் திருப்தி இல்லாமல் இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். பிறகு என்ஜினுக்கு அடுத்து மாட்டினார்.

முதல் ரவுண்டில் ஜங்ஷனை நெருங்கும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சக்கரச் சத்தம் மாறாமல் போனது. “தாண்டிருச்சு” என்றார் பாய். எண்ணும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது ரவுண்டில் எனக்குத் திரும்பிப் பார்க்கும் தைரியம் வந்தது. நடைமேடை மனிதர்களை உரசாமல், என் பழுப்புச் சிவப்பு வேகன் கூரை வளைவோடு போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு அழகை நான் கட்டினேனா என்று இருந்தது. எட்டு முடிந்தது. ஒன்பதாவது ரவுண்டில் மேட்டூர் வளைவில், ஏற்றத்தில் ரயில் ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது.

மின்விசிறி நின்றது, ரயிலும் நின்றது. அந்த இடத்தைவிட மோசமான இடம் மேசையில் கிடையாது. ஓடிக்கொண்டே ஏறுவது வேறு. வளைவில், ஏற்றத்தில், நின்ற இடத்திலிருந்து இருபது வண்டிகளை இழுத்துக் கிளம்புவது வேறு. முன்னால் என்ஜின் இழுக்கும், பின்னால் பாரம் இழுக்கும், நடுவில் மாட்டிக்கொண்ட முதல் வேகன் வளைவின் உள்பக்கம் சாயும். அந்த முதல் வேகன் என்னுடையது. இதை எண்ண வேண்டாம், கரண்ட் வந்ததும் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

“இல்லீங்க. நிஜ லைன்லயும் இப்படித்தானுங்க நிக்கும். நின்ன இடத்துலருந்துதான் எடுக்கோணும்” என்றார் கார்டு சார். எனக்கு அவர் மேல் மறுபடி கோபம் வந்தது.

இருபது நிமிடம் காத்திருந்தோம். வியர்வையில் சட்டை ஒட்டியது. மின்விசிறி சுழல ஆரம்பித்ததும் கார்டு சார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியைத் தூக்கி என் கையில் வைத்தார். அதை அவர் யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

“நீங்களே எடுங்க. உங்க வண்டி” என்றார். பிறகு என் பக்கத்தில் நின்று தணிந்த குரலில், “முதல்ல இணைப்பெல்லாம் இறுகட்டும். அப்புறம் இழுங்க” என்றார்.

பெட்டியிலிருந்த குமிழை மயிரிழை திருப்பினேன். என்ஜின் முனகியது. வேகன் அரை அங்குலம் நகர்ந்து நின்றது. பின்னால் இணைப்புகள் ஒவ்வொன்றாக இறுகும் சத்தம் கேட்டது, கடைசிப் பெட்டி வரைக்கும் அது ஓடி முடியக் காத்திருந்தேன். இன்னும் ஒரு மயிரிழை. என் வேகன் உள்பக்கம் சாய்ந்தது. ஒரு சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். கையை எடுக்கவில்லை. டயர் கடை ஈயம் அதை அப்படியே கீழே இழுத்து உட்கார வைத்தது. ரயில் நகர்ந்தது, ஏற்றம் ஏறியது, வளைவைத் தாண்டியது. “ஒம்போது” என்றார் பாய். பத்தாவது ரவுண்டு முழுக்க நான்தான் ஓட்டினேன். ஜங்ஷனைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தேன், பயந்து இல்லை, எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான்.

“பத்து” என்று பாய் சொன்னதும் மாடி முழுக்கக் கைதட்டியது. நான் ஜெயித்துவிட்டேன். மூன்று மாதமாக என்னைத் தின்றுகொண்டிருந்த அந்த ‘அது வேற, இது வேறங்க’ அந்த நிமிடத்தில் செத்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை, மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

கார்டு சார் மூலைக்குப் போனார். இரண்டு கையாலும் மலையைத் தூக்கிப் பாயிடம் கொடுத்தார். “மொட்டைமாடிக்குக் கொண்டு போயிருங்க பாய். தூக்கறதா சொன்னீங்களே” என்றார். பாய் ஏற்காட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறினார். கார்டு சார் துணியால் மூலையைத் துடைத்துவிட்டு, என் வேகனை மட்டும் கழற்றி, ஒரு சின்ன என்ஜினால் பின்னோக்கித் தள்ளி அந்தத் துண்டுத் தண்டவாளத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே ஷெட்டும் இல்லை, லாரியும் இல்லை, வெறும் பலகைதான் இருந்தது. இருந்தாலும் எனக்கு மூட்டை இறங்குவது தெரிந்தது.

சாயங்காலம் எல்லோரும் அவரவர் ரயிலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். நானும் என் என்ஜின்களை எடுத்து வைத்தேன். வேகனை எடுக்க மூலைக்குக் கை நீட்டினேன்.

“அத எங்கீங்க எடுத்துட்டுப் போறீங்க?” என்றார் கார்டு சார்.

“ஊட்டுக்குங்க.”

“அது ஊட்டுலதானுங்களே நிக்குது” என்றார்.

அன்றைக்கு நான் அழுதேன் என்று பாய் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அழுதது உண்மைதான். வேகன் அங்கேதான் நிற்கிறது.